தெய்வாத்தாள் செஞ்ச கொம்புக்காரன்

உச்சி நேரமுங்க... ராத்திரி இல்ல. பட்டப் பகல் பன்னெண்டு மணி. மங்கலம் ரோடு. இப்பத்தான் அங்க ரெண்டு பக்கமும் தறிக் குடோனு. அன்னைக்கு ஒண்ணுமே கெடையாது... வேல மரமும் வெள்ளப் புழுதியுந்தான்.

கரண்ட் வந்து நைட் சிப்ட்டு திரும்ப ஓடற வரைக்கும் இன்னுங் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. அந்த மெழுகுவத்திய மிஷினுக்குப் பின்னால வைங்க, காத்துக்கு அணைஞ்சுரும்.

நம்ம கட்டிங் மாஸ்டர் கந்தப்பன் இருக்காரில்லீங்க, அவரோட பெரியம்மாவுக்கு நடந்தது இது. பேரு தெய்வாத்தாள். அப்ப மண்ணரை ஊருல ஊடு. இப்ப வயசு அறுவத்தி ரெண்டோ மூணோ இருக்கும்.

அந்தம்மா மண் பொம்மை செய்யறவங்க. சாமி பொம்மையெல்லாம் கெடையாது. மேளக்காரங்க மட்டுந்தான். நாயனம், தவுலு, ஒத்து, தாளம், பம்பை, உருமி... ஒவ்வொரு ஆளும் சுண்டு வெரல் ஒசரம். கல்யாணத்துக்குப் போனா பொண்ணு மாப்பிள்ளைய ஏறிட்டுப் பாக்க மாட்டாங்க. நாயனக்காரருக்குக் கன்னம் எப்படி உப்புது, தவுல்காரருக்கு எந்த நரம்பு பொடைக்குது... அதையே வெறிச்சுப் பாத்துட்டு நிப்பாங்க. தவுலுக்கு வாரு வேணும்னா பனியன் வேஸ்ட்டுல நூல உருவிக் கட்டுவாங்க. நாயனத்துக்கு ஈக்குக் குச்சி. தைரியமான பொம்பள. வாயும் கொஞ்சம் நீளம்.

அப்ப ஈஸ்வரமூர்த்தின்னு ஒரு கம்பெனி முதலாளி. புதுசா பங்களா கட்டி, கூடத்துல ஆள் ஒசரத்துக்குக் கண்ணாடி அலமாரி வெச்சிருந்தாரு. வர்ற கல்கத்தா யாவாரிங்க பாத்து அசந்து போகோணும்னு ஆசை. தெய்வாத்தாளைக் கூப்புட்டு உட்டாரு.

"எங்க கல்யாணத்துக்கு வாசிச்ச மேளமாட்டவே ஒரு செட்டு செஞ்சு குடு. எட்டாளு. நாயனம், தவுலு, பம்பை எல்லாம் வெச்சுரு. கொம்பு மட்டும் வேண்டாம்."

"கொம்பு இல்லாம என்னுங்க முதலாளி கல்யாண மேளம்? ஒரு ஆள் வளைச்சுப் புடிச்சு ஊதறாப்பல நின்னாத்தானுங்க பாக்க நெரப்பா இருக்கும்."

"வேண்டாம்னா வேண்டாம்!"

அவரு போட்ட சத்தத்துல வாசல்ல படுத்திருந்த நாய் எந்திரிச்சுப் போயிருச்சுங்க. அவரு சம்சாரம் வள்ளியாத்தாள் தூணுக்குப் பின்னால நின்னவங்க... தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

பொடிப் பொம்மைக்கு ஆண்டிபாளையம் கொளத்து மண்ணுதான் ஆகும். அந்த வெள்ளிக்கெழம தெய்வாத்தாள் கூடை நெறைய மண்ண எடுத்துத் தலையில வெச்சுட்டுத் திரும்பி வாராங்க. உச்சி வெயிலு. காக்கா குருவி இல்ல. செருப்பில்லாத காலு சுடுது.

அப்ப ஒரு சத்தம்... ப்ஹூ... ப்ஹூ... காலி சீசாவுக்குள்ள ஊதுனா வருமே, அந்த மாதிரி. கூடவே ஒரு வாடை. பாழுங்கெணத்துப் பாசி வாடை.

வேல மரத்தடியில ஒரு ஆளு உக்காந்திருக்கறான். மடியில பித்தளைக் கொம்பு. வேட்டி சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குது... அந்த வருசம் மழையே இல்லீங்க. கீழ்த் தாடை ஒரு பக்கமா எறங்கித் தொங்குது. பேசறப்ப பாதி பேச்சு, பாதி காத்து.

"எட்டாளு செய்யறீங்களாமா... என்னை உட்டுட்டீங்களே அம்முணி."

"ஆருங்க நீங்க?"

"வீரன். கொம்புக்காரன். ஊதி ஊதிப் பாக்கறேன்... காத்துத்தான் வருது."

சொல்லிப்போட்டு எந்திரிச்சு வந்தான். மூஞ்சிக்கு மூஞ்சி, முட்டற தூரத்துல நின்னான். தாடையில இருந்து தண்ணி ஒரு சொட்டு இவங்க கால் மேல உழுந்துச்சு. அந்த வெயில்ல... அப்படி ஒரு குளுரு.

"நல்லாப் பாத்துக்குங்க. மறந்தறாதீங்க."

தெய்வாத்தாள் ஊடு வந்து சேந்தது எப்படின்னு அவங்களுக்கே தெரியாது.

சரி, வெயில்ல கண்ணு கட்டிருச்சுன்னு மனசத் தேத்திக்கிட்டு எட்டாளும் செஞ்சாங்க. சூளையில வெச்சு எடுத்தா... எட்டும் வெடிச்சுக் கெடக்குது. கையில இல்ல, காலுல இல்ல. எட்டுக்கும் தாடையில வெடிப்பு. திரும்பச் செஞ்சாங்க. திரும்பவும் அதே. மூணாந்தடவை மண்ண உருட்டறப்ப, இவங்க நாயனக்காரரு கன்னத்த அழுத்தறாங்க, வெரலு தானா நழுவித் தாடையக் கீழ இழுக்குது. "போடா அக்கட்டால!"ன்னு மண்ணச் செவுத்துல வீசி அடிச்சாங்களாம். செவுத்துல ஒட்டுன மண்ணுல வாய் தெறந்திருக்குது.

அதுக்கு மேல என்ன பண்ணுவாங்க? எட்டாளோட ஒம்போதாவது ஆளையும் செஞ்சாங்க. கோணத் தாடை. நிட்டிங் மிஷின்ல ஒடைஞ்ச ஊசி ஒண்ண வளைச்சுக் கையில கொம்பாக் குடுத்தாங்க. அந்தத் தடவை சூளையில ஒண்ணுல கூடக் கீறல் இல்லீங்க. ஒம்போதும் அப்படியே செவச்செவன்னு வெளிய வந்துச்சு. நெருப்புல வெந்த மண்ணு... அதுல பாசி வாடை.

ஊட்டுல வெச்சுக்கப் பயம். அதனால ஒம்போதையும் பொட்டியில அடுக்கிப் பங்களாவுக்கே கொண்டு போயிட்டாங்க.

ஈஸ்வரமூர்த்தி ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துச் சிரிக்கறாரு. "அடேயப்பா, தவுல்காரன் தொப்பையப் பாரு!"ங்கறாரு. கடைசியா அதை எடுத்தாரு.

சிரிப்பு நின்னு போச்சு.

"இவன ஆரு செய்யச் சொன்னது?"

"அவருதானுங்க கேட்டாரு."

"எவரு?"

"வீரன்னு சொன்னாருங்க. மங்கலம் ரோட்டுல... உச்சி நேரத்துல."

ஓங்கித் தரையில அடிச்சாரு. பொம்மை ஒடையல. செருப்புக் காலால மிதிச்சாரு. ஒடையல. சமையக்கட்டுக்கு ஓடி, அம்மியில வெச்சுக் கொழவியால நச்சு நச்சுன்னு... பொடியாக்கிப் போட்டாரு. திரும்பி வந்து தெய்வாத்தாள் மயிரப் புடிச்சுத் தள்ளுனாரு. "இனி மண்ணரையில உன்ற சூளை எரிஞ்சா ஆளோட வெச்சுக் கொளுத்திப் போடுவேன்."

பேச்சோட உடல. அன்னைக்குப் பொழுதோட ஆள் வந்து சூளைய இடிச்சுட்டுப் போனாங்க.

அடுத்த நாளு. மத்தியானம் சோத்துக்கு உக்காந்திருக்கறாரு. வாயத் தெறந்து ஒரு உருண்டை வெச்சாரு... மூட முடியல. டக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். தாடை எறங்கி ஒரு பக்கமாத் தொங்கிப் போச்சு. கோயமுத்தூர்ல இருந்து டாக்டர் வந்தாரு. எலும்பு ஒடையல, நரம்பும் நல்லா இருக்குதுங்கறாரு. ஆனா தாடைய ஏத்திக் கட்டுனா, கட்டு தானா அவுந்து உழுகுது. கஞ்சி ஊத்துனா வழியுது. பேசுனா காத்துத்தான் வருது... ப்ஹூ... ப்ஹூன்னு.

நஜீமுதீன் தம்பி, சிரிக்காதீங்க. அந்தச் சத்தத்தக் கேட்ட வேலைக்காரங்க ரெண்டு பேரு சம்பளம் கூட வாங்காம ஓடிட்டாங்க.

நாலஞ்சு நாள் கழிச்சு வள்ளியாத்தாள் மண்ணரைக்கு வந்தாங்க. கார் இல்ல. நடந்து. கொழுந்தாட்டப் பொம்பள, ஒரே வாரத்துல கெழவியாயிட்டாங்க. இடிஞ்ச சூளைக்குப் பக்கத்துல தெய்வாத்தாள் காலப் புடிச்சாங்க.

"அதைத் திரும்பச் செஞ்சு குடு சாமி. தாடைய நேராக்கிச் செய்யி. உட்டுருவான்."

"சூளைய இடிச்சுப்போட்டு இப்ப வந்து செய்யின்னா? மொதல்ல அவரு ஆருன்னு சொல்லுங்க."

வள்ளியாத்தாள் புடிச்ச கால உடாமயே சொன்னாங்க.

"எங்க கல்யாணத்துல கொம்பு ஊதுனவன். ஊதறப்பக் கன்னம் ரெண்டும் பந்தாட்ட உப்புச்சு. எனக்குப் பதினாறு வயசு... மணவறையில உக்காந்துட்டுச் சிரிச்சுப் போட்டேன். அவனும் சிரிச்சான். அவ்வளவுதான் சாமி. அதை இவரு பாத்துட்டாரு. அன்னைக்கு ராத்திரி அந்தக் கொம்புக்காரன் ஊடு போய்ச் சேரல. எங்க தோட்டத்துப் பழைய கெணத்த அடுத்த வாரமே மண்ணப் போட்டு மூடிட்டாங்க."

தெய்வாத்தாளுக்கு முதலாளி மேல எரக்கம் இல்ல. காலப் புடிச்சுட்டுக் கெடக்கறவங்க மேலதான். மிச்சமிருந்த மண்ண எடுத்து அங்கயே உக்காந்தாங்க. வள்ளியாத்தாள் பக்கத்துல குத்துக்காலிட்டு உக்காந்து பாக்கறாங்க. காலு, ஒடம்பு, கையி... தல. தாடைய நேரா வெச்சாங்க. கன்னம் ரெண்டையும் நல்லா உப்ப வெச்சாங்க. இன்னொரு ஒடைஞ்ச ஊசிய வளைச்சு, ஒதட்டுல வெச்சு அழுத்துனாங்க.

அழுத்துன அந்த நிமிசம்...

கொம்பு ஊதுச்சுங்க.

காத்து இல்ல. முழுசா, கணீர்னு, தொண்ட கிழியற மாதிரி. மண்ணரை பூராவும் கேட்டுச்சு. மாடுக கவுத்த அறுத்துட்டு ஓடுச்சு. கம்பெனியில மிஷினு ஓடற எரைச்சலையும் மீறிக் கேட்டதா அன்னைக்கு வேலையில இருந்தவங்க சொல்லுவாங்க. வள்ளியாத்தாள் காதப் பொத்திக்கிட்டு பங்களாவுக்கு ஓடுனாங்க.

ஈஸ்வரமூர்த்தி கட்டில்ல செத்துக் கெடந்தாரு. அவரு ரெண்டு காதுல இருந்தும் ரத்தம் வழிஞ்சு தலகாணி நனைஞ்சிருந்துச்சு.

தெய்வாத்தாள் அந்தப் பச்ச மண்ணு பொம்மைய அன்னைக்கே கொண்டு போயிக் கொளத்துல கரைச்சாங்க. அதோட மண்ணு வேலைய உட்டுட்டாங்க. நெருப்பெரிச்சல் ஊருக்குக் குடி போயி, ஒரு கம்பெனியில பனியன் மடிக்கற வேலை. பத்துப் பன்னெண்டு வருசம் ஒரு தொந்தரவும் இல்ல. நல்லாத்தான் இருந்தாங்க.

போன மாசம் நம்ம கந்தப்பன் பெரியம்மாளப் பாத்துட்டு வரலாம்னு போயிருக்கறாரு. ராயிக் களி கிண்டியிருந்தாங்களாம். கை நெறைய எடுத்து உருட்டி அவரு வட்டல்ல வெச்சாங்க. வெச்சுட்டு, வெச்ச கையவே வெறிச்சுப் பாத்துட்டு நிக்கறாங்க. கந்தப்பன் குனிஞ்சு பாத்தா... உருண்டையில ஒரு மொகம். மூக்கு, காது, நெத்திச் சுருக்கம்... எல்லாம் அச்சு அசலா இருக்குது. கண்ணு மட்டும் மூடியிருக்குது.

"ஆருடா கண்ணு இது? எனக்குத் தெரிஞ்ச மொகம் இல்லியே"ன்னு அந்தம்மா கேட்டாங்களாம்.

கந்தப்பனுக்குத் தெரிஞ்சிருக்குது. வட்டல அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. அன்னையில இருந்து அவரு நைட் சிப்ட்டுக்கு வர்றதில்ல, கவனிச்சீங்களா? முந்தாநாளு டீக்கடையில புடிச்சுக் கேட்டேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு...

"அந்த நைட் சிப்ட்டுக் கூட்டத்துல ஒருத்தர இனி என்னால நேருக்கு நேராப் பாக்க முடியாதுங்க."