கைதட்டல் வாங்கிய மயக்கம்

என் பேச்சு எப்போது முடியும் என்ற கவலையை முகத்தில் காட்டாமல் அமர்ந்திருக்கும் பெருந்தன்மைமிக்க தலைவர் அவர்களே! அறிவால் மூத்த ஆன்றோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இன்று பாராட்டுப் பெறும் ஆம்புலன்ஸ் ஊழியர்களே! என் மனைவியாகிய முன்வரிசைப் பெருமாட்டியே! அனைவருக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மேடையில் நான் ஆற்றியதுதான் என் வாழ்நாளின் சிறந்த உரை என்கிறார்கள். அதில் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை! என்ன பேசினேன்? ஏன் பேசினேன்? பேசியது நான்தானா? "பெரியோர்களே" என்றது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கையில் ஓர் ஊசி. இடையில் நடந்ததெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது. அதிலும் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒட்டவில்லை. கடலைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசினேன் என்கிறார் பொருளாளர். கதவுகளைத் திட்டினேன் என்கிறார் ஒலிபெருக்கிக்காரர். "வானமே வாசல்! வாசலே வண்டி! வண்டியே வா!" என்று நான் முழங்க, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம். சிரிக்காதீர்கள் செயலாளர் அவர்களே, முதலில் எழுந்தவர் தாங்கள்தான்!

நடந்தது இதுதான். நான் சர்க்கரை நோயாளி. வழக்கம்போல் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தேன். வந்ததும் சாப்பிட்டிருக்க வேண்டும். "பேச்சு முடிஞ்சதும் சாப்பாடு" என்றார்கள். எனக்கு முன் பேசியவர்களோ, ஒரு நிமிடம் என்று தொடங்கி ஒரு யுகம் பேசினார்கள். உடம்பில் சர்க்கரை சரிந்தது, மூளை முடங்கியது, நாக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு நான் சுருண்டு விழுந்தேன். என் மைத்துனர் மேடையேறினார். "மாமாவுக்கு சுகர் ஏறிடுச்சு! இன்சுலின் போடுங்க!" என் பையிலிருந்து ஊசியை எடுத்தும் விட்டார். இன்னொருவர் வாயில் சோடா ஊற்ற வந்தார். அன்பு, அத்தனையும் அன்பு! அந்த அன்பு இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால், இன்று இது இரங்கல் கூட்டம்.

ஆம்புலன்ஸ் வந்தது. இதோ அமர்ந்திருக்கும் செவிலியர் ஓடி வந்தார். "ஐயோ, நிறுத்துங்க! வாயில எதுவும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். ஊசியும் வேணாம். முதல்ல சுகர் எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்." விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை ஏறவில்லை, அதலபாதாளத்தில் கிடந்தது. நான் அவர் கையைத் தட்டிவிட்டேனாம், வாய்க்கு வந்தபடி ஏசினேனாம். அவர் கோபப்படவில்லை. நரம்பைத் தேடிப் பிடித்தார். ஊசி நரம்புக்குள்தான் நிற்கிறதா என்று உப்புநீர் செலுத்திப் பார்த்தார். பிறகு மருந்தை ஓட்டுநரிடம் காட்டினார்.

"குளுக்கோஸ். இருபத்தஞ்சு சதவீதம்."

"குளுக்கோஸ். இருபத்தஞ்சு சதவீதம். தேதியும் சரியா இருக்கு."

சொன்னதையே திருப்பிச் சொல்வது என் தொழில் ஐயா! நான் திருப்பிச் சொல்வது கைதட்டலுக்காக. அவர்கள் திருப்பிச் சொன்னது என் உயிருக்காக. நீங்கள் எழுந்து நின்றிருக்க வேண்டியது எதற்கு?

மருந்து மெல்ல மெல்ல ஏறியது. "இவங்க யாருன்னு சொல்லுங்க சார்" என்று என் மனைவியைக் காட்டினார் செவிலியர். நான் கைகூப்பி, "மாண்புமிகு தலைவர் அவர்களே" என்றேனாம். "தெளிஞ்சிட்டாரு, வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் மைத்துனர். செவிலியர் சிரிக்கவில்லை. "இல்ல, இன்னும் தெளியலை" என்று மேலும் கொஞ்சம் ஏற்றிவிட்டு, மறுபடி கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்து, "என்னம்மா, நீ சாப்பிட்டியா?" என்றேன். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார்.

அவைப் பெருமக்களே! இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. பேச்சு நன்றாக அமையும்போதெல்லாம் ஒரு குழப்பம்: பேசுவது நானா, என் சர்க்கரைக் குறைவா? எனக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே மன்றாடிக் கேட்கிறேன். ஒருவன் புரியாதபடி பேசினால் புலமை என்று போற்றாதீர்கள்! தள்ளாடினால் குடிகாரன் என்று தள்ளாதீர்கள்! மயங்கியவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்! பார்க்காமல், அளக்காமல், எந்த மருந்தையும் ஏற்றாதீர்கள்! கூப்பிடுங்கள், அளந்து பார்த்துக் கொடுப்பவர்களைக் கூப்பிடுங்கள்!

அடடா, என்ன கைதட்டல்! இன்னும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் முன்வரிசையில் என் மனைவி எழுந்து நிற்கிறார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தே விட்டார். என்னம்மா? மைக்கிலேயே சொல்லவா? "இறங்கி வாங்க, இன்னிக்கும் ஊசி போட்டிருக்கீங்க" என்கிறார்.

தலைவர் அவர்களே, பேச்சு பாதியில் நிற்கட்டும். பேச்சாளன் முழுதாக வீடு திரும்பட்டும். செவிலியருக்கும் ஓட்டுநருக்கும் என் உயிருள்ளவரை நன்றி. பசியோடு கேட்ட உங்களுக்கு வணக்கம். நான் சாப்பிடப் போகிறேன்.