செருப்புக் கடைக்குக் கேட்ட குரல்

சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தைத் தொடங்கி என் மனத்தைக் குளிர வைத்த சங்கத் தலைவி அவர்களே. என் வலப்புறம் வீற்றிருக்கும் மகப்பேறு மருத்துவர் அவர்களே. எண்ணற்ற குழந்தைகளின் முதல் அழுகையை ஏந்திய கைகளோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த மருத்துவச்சிகளே. இரவுப் பணி முடித்து, முகம் கழுவிய ஈரம் காயுமுன் இங்கே வந்து சேர்ந்த சகோதரிகளே. எங்கள் கைகளை நம்பி உங்கள் உயிரையே ஒப்படைத்த தாய்மார்களே. வாசலில் நின்று தயங்கும் அவர்தம் கணவன்மாரே, உள்ளே வாருங்கள், நாற்காலி இருக்கிறது. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பணிவு என்றதும் இரண்டாம் வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் பேசிக்கொள்கிறேன்.

சங்கம் நமக்கு என்ன செய்தது? சந்தா வாங்கியது, சான்றிதழ் தந்தது, அவ்வளவுதானா? இத்தனை ஆண்டு வேலை பார்த்தபின் இன்னும் என்ன படிப்பு, எதற்குப் பயிற்சி? உங்களில் பலர் நெஞ்சுக்குள் கேட்கும் கேள்வி இது. விடையாக ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அமைதியம்மா என்றால் இந்த அவையில் பாதிப்பேருக்குத் தெரியும். “சொல்லுங்கம்மா, ஆனா கூட்டிச் சொல்லாதீங்க” என்று அனுமதி தந்திருக்கிறாள். நான் எதையும் கூட்டிச் சொல்லிப் பழகியவள் அல்ல.

அமைதியம்மா அறைக்குள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. அவள் பார்க்கும் பிரசவத்தில் பாத்திரம் உருளும் ஓசை இருக்காது, பதற்றம் இருக்காது, அதட்டல் இருக்காது. தாய்மார்கள் அவளைத்தான் கேட்பார்கள். ஒருநாள் ஒரு தாய்க்குப் பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்கவில்லை. அமைதியம்மா கைகளால் கருப்பையை அழுத்தினாள், ஊசி போட்டாள், செய்ய வேண்டியதெல்லாம் செய்தாள். ஒன்றைத் தவிர. வாயைத் திறந்து ஆளைக் கூப்பிடவில்லை. திரைக்கு அப்பால் இரண்டு செவிலியர், எதிர் அறையில் மருத்துவர். ஒருவருக்கும் தெரியாது. வேறு வேலையாக ஒருத்தி திரையை விலக்கியபோதுதான் தெரிந்தது. அந்தத் தாய் பிழைத்தாள். ஆனால் மயிரிழையில் பிழைத்தாள்.

“ஏன் கூப்பிடல?” என்று விசாரணையில் கேட்டார்கள். “அந்தப் பொண்ணு பயந்துடுமேன்னு நினைச்சேன்” என்றாள்.

தாய்மார்களே, இது அவள் ஒருத்தியின் குற்றமா? நான் கான்வென்ட்டில் படித்தவள். நல்ல பெண்ணின் குரல் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். அந்தப் பாடத்தை நான் இன்றும் மதிக்கிறேன். என் கணவர் இருந்த காலத்தில் அவரிடம் மட்டும் அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை, அது வேறு விஷயம். வீட்டில் அடக்கினார்கள், பள்ளியில் அடக்கினார்கள், பணியிடத்தில் அடக்கினார்கள். அடங்கியே பழகிய குரல், அவசரம் என்றால் மட்டும் எங்கிருந்து வரும்?

அவளைப் பிரசவ அறையிலிருந்து நீக்கித் துணி அறைக்கு அனுப்பினார்கள். விரிப்பு மடிக்கும் வேலை. தாயின் வயிற்றைத் தொட்டே பிள்ளையின் தலை திரும்பியிருக்கிறதா என்று சொல்லும் கைகள், தலையணை உறைகளை அடுக்கின. வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அப்போது, விசாரணையின் கடைசி நாளில், நம் சங்கச் செயலாளர் விசாரணை அறைக்குப் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “அவங்க கையில குறையில்ல. கூப்பிடணும்னு யாரும் பழக்கல. நாங்க பழக்குறோம். அப்புறம் முடிவு எடுங்க.”

“பழகலேன்னா?” என்றார்கள் விசாரித்தவர்கள்.

“பழகலேன்னா நாங்களே வந்து சொல்லிடுறோம்.”

எளிதான வாக்கா அது? ஒருத்தியின் வாழ்வையும் சங்கத்தின் மானத்தையும் ஒரே தட்டில் வைத்த வாக்கு.

வந்தாள் அமைதியம்மா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. “பிரசவம் பாக்க எனக்கே பாடமா? என் கையில பொறந்த பொண்ணுக்கு நானே பிரசவம் பாத்திருக்கேன்” என்றாள். நம் பயிற்சி அறை எங்கே இருக்கிறது? செருப்புக் கடையின் மாடியில். அங்கே ஒரு மேசை, ஒரு துணிப் பொம்மை, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர்ப் பை. பிரசவிக்கும் தாய் யார்? நான்தான். சிரிக்காதீர்கள். இந்த வயதில் வாராவாரம் எனக்குப் பிரசவம்.

பயிற்சி தந்தவள் அவளைவிட மிக இளையவள். சாயத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அமைதியம்மாவின் கைகள் அற்புதமாக வேலை செய்தன. வாய் திறக்கவில்லை. “அக்கா, கை பேசுது, வாய் பேசல. அம்மா போயிட்டாங்க” என்றாள் இளையவள். நான் போய்விட்டேனாம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அடுத்த வாரமும் இறந்தேன். அதற்கடுத்த வாரமும் இறந்தேன். என் கணவர் உயிரோடு இருந்திருந்தால், நான் இத்தனை முறை வாய்மூடிக் கிடந்ததை ஆசை தீரப் பார்த்திருப்பார்.

ஒருநாள் அமைதியம்மா படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். “வரலம்மா. தொண்டையிலேயே நிக்குது. எனக்குத் துணி மடிக்கிறதே போதும்.”

“என்னை வாராவாரம் கொல்றது உனக்கு அலுக்கலையாடி?” என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

இளையவள் நல்ல கெட்டிக்காரி. அறையில் நின்ற அத்தனை பேரையும் கீழே போகச் சொன்னாள். “நாங்க சுத்தி நிக்கிறதால உங்களுக்குக் கூப்பிடத் தோணல அக்கா. இப்ப யாரும் இல்ல. கூப்பிட்டாத்தான் வருவோம்.” கதவைச் சாத்திக்கொண்டு அவளும் போய்விட்டாள்.

அறையில் அவளும் நானும். மேசையிலிருந்து சாயத் தண்ணீர் சொட்டும் ஓசை. நான் முனகி நடிப்பதை நிறுத்திவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிறகு, உயிர் போகிறவளைப் போல, பிடியை மெல்ல விட்டேன்.

கத்தினாள் பாருங்கள். “உதிரப்போக்கு! டாக்டரைக் கூப்பிடுங்க! இங்க வாங்க!”

படிக்கட்டு அதிர்ந்தது. நம் பெண்களுக்கு முன்னால் ஓடி வந்தவர் யார்? கீழே இருந்த கடைக்காரர்! கையில் ஒற்றைச் செருப்பு. “யாருக்கும்மா என்ன ஆச்சு?” என்று மூச்சு வாங்கினார். செருப்பைக் கையில் எடுத்தவர்கள் எத்தனையோ பேர்; உதவிக்கென்று செருப்போடு ஓடி வந்தவர் இவர் ஒருவர்தான். மேசையில் சிவப்பாகக் கிடந்த என்னைப் பார்த்தார். பிரசவம் எனக்கு என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அமைதியம்மா கூப்பிட்டாள், உலகம் ஓடி வந்தது. கூப்பிட்டால் வருவார்கள் என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

பிரசவ அறைக்குத் திரும்பினாள். சில மாதம் கழித்து ஒரு நண்பகலில், அதே உதிரப்போக்கு, வேறொரு தாய். இந்த முறை கை வேலை செய்யும்போதே குரல் எழுந்தது. எதிர் அறையில் இருந்த மருத்துவர், இதோ என் பக்கத்தில் இருப்பவர், “கையில இருந்த டீ கிளாஸை எங்க வெச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலம்மா” என்கிறார். ஒருத்தி ரத்தத்துக்கு ஓடினாள், ஒருத்தி ஊசிக்கு ஓடினாள். அமைதியம்மா குனிந்து தாயின் காதருகே, தன் பழைய மெல்லிய குரலில், “பயப்படாத கண்ணு, எல்லாரும் வந்துட்டாங்க” என்றாளாம்.

அந்தத் தாய் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். மடியில் இருக்கும் வாண்டு என் ஒலிவாங்கியைக் குறிவைத்து நெடுநேரமாகக் கை நீட்டுகிறது. இப்போது சொல்லுங்கள், எதற்குப் பயிற்சி என்று!

குரல் கொடுக்கக் கற்றுத் தருவது கல்வி. அந்தக் குரலுக்கு ஓடி வருவது சங்கம். ஒன்றில்லாமல் மற்றொன்று எதற்கு? சற்று நேரத்தில் உங்கள் முன் ஒரு தீர்மானம் வரும்: அனுபவம் எத்தனை ஆண்டானாலும், மருத்துவச்சி ஒவ்வொருத்தியும் ஆண்டுதோறும் அந்த மாடி ஏற வேண்டும். முன்வரிசைச் சகோதரிகளே, முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும். முழங்கால் வலி என்று சொல்லாதீர்கள். நான் ஏறுகிறேன்.

மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கிறீர்கள். அது அமைதியம்மாவுடையது. புறப்படும் நேரத்தில் ஒரு தாய்க்கு வலி எடுத்துவிட்டதாம், அங்கேயே இருந்துவிட்டாள். வராததற்காக நான் கோபித்துக்கொள்ளாத முதல் விருந்தினர் அவள்தான்.

கடைசி வரிசையில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் கடைக்காரர் ஐயா, உங்களுக்குத் தனி நன்றி. இனி ஆண்டு முழுதும் மாடியில் கூக்குரல் கேட்கும். பயந்துவிடாதீர்கள். ஆனால் பழகிவிட்டது என்று ஓடி வராமலும் இருந்துவிடாதீர்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பசியோடு கேட்ட பிள்ளைகளுக்கும் நன்றி கூறி, கூப்பிடும் குரல்களும் ஓடி வரும் கால்களும் இந்தச் சங்கத்தில் பெருகட்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.