மகனுக்குப் போன் சொன்ன சேதி

மலேசியாவின் ஈப்போ கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காம்பார் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா, பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்:

“நான் மறுபடி கல்யாணம் பண்ணப்போறத என் மவனுக்குப் போன்தான் சொல்லிச்சு.”

“என்னடி சொல்ற?”

“இந்தப் போன வாங்கிக் குடுத்தப்பவே இதுல தன் அக்கவுண்ட்டப் போட்டுட்டான். நான் தேடுறதெல்லாம் அவன் போன்லயும் தெரியுதுலா. மறுகல்யாணம் ரிஜிஸ்டர் பண்ண என்னென்ன பத்திரம் வேணும்னு தேடினேன். பாத்துட்டான்.”

“கல்யாணச் சேல தேடினதையுமா?”

“அதையுந்தான். சிரிக்காத!”

“தேடினத உடனே அழிச்சிருக்கலாம்லா.”

“அழிக்க நான் என்ன திருட்டா பண்ணேன்? அவங்கப்பா தவறி ஒம்பது வருஷமாச்சு. என் வாயால சொல்லணும்னு இருந்தேன், அதக் கெடுத்துருச்சே. காம்பார்ல எறங்குனதும் கடைக்குப் போயி என் பேர்ல தனி அக்கவுண்ட் போடுறேன்.”

அப்போது போன் அடித்தது. “மவன்தான்” என்றார் அக்கா.

“எடுக்காத” என்றார் தோழி.

முருகா, என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அக்கா எடுத்தார்.

“ஆமாய்யா, நீ பாத்ததெல்லாம் நெசந்தான். ஆனா நான் கட்டிக்கப்போறவரு எப்படிப்பட்டவருனு அதுல வராது. சனிக்கிழம வீட்டுக்கு வா, நான் சொல்றேன்.”