எங்கள் வண்டிக்கு மறதி வந்த விதம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மாவிஸ் பன்றிக்காலும் பீன்ஸும் போட்டு வைக்கும் பானைக்கு இந்தக் கெர்ன்சித் தீவில் ஈடு கிடையாது. அவள் மூடியைத் திறந்தால் கடலில் போகிற கப்பல் திசை மாறித் துறைமுகத்துக்குள் வரும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இனி நான் பேசப்போவதைக் கேட்டுவிட்டு அவள்மேல் எனக்கு ஏதோ மனக்கசப்பு என்று நம் பந்தயக் கழகக் கமிட்டியில் யாரும் நினைத்துவிடக் கூடாது.

நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. கடைசிச் சுற்றில் நான் மேடேறுவதற்குச் சற்று முன்னால் யாரோ என் வண்டியின் பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்று புகார் எழுதிக் கொடுத்தேன். பார்த்தவர் யாருமில்லை, வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு ஹெட்லி டொரோடாகிய எனக்கு மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று தலைவர் கேட்டார். சொல்கிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது. இன்னொரு கோப்பை தேநீர் மட்டும் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் வண்டியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இருவர் உட்காரும் சின்னச் சிவப்புக் கார். வாரநாளில் மீன் வாங்கப் போகும், பந்தய நாளில் மேடேறும். நம் தீவில் மணிக்கு முப்பத்தைந்து மைலுக்கு மேல் போகக் கூடாது; அந்த வேகத்தில் நான் போகும்போது பசுமாடு என்னை முந்தியிருக்கிறது, முந்தியதோடு நிற்காமல் திரும்பியும் பார்த்திருக்கிறது. நான்காம் கியர் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே செத்துப்போனவர்கள் நம் கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேர். ஆகவே கழகம் சாலையை மூடி, கடற்கரையிலிருந்து மேடு உச்சிவரை ஒரே மூச்சில் ஓட்ட விடுகிற அந்தச் சில நாள்கள்தான் என்னைப் போன்றவர்களுக்கு உயிர்.

ஒரே வண்டியை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்பது நம் கழகத்தின் பழைய வழக்கம். அப்பன் மகன் ஓட்டுவார்கள், மாமன் மச்சான் ஓட்டுவார்கள். போன வருடக் கடைசியில் மாவிஸ் தானும் ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள். தாராளமாக ஓட்டு என்றேன். அவள் குள்ளம், முதுகுக்குப் பின்னால் வைக்க நானே ஒரு திண்டு தைத்துக் கொடுத்தேன். பெருந்தன்மை இல்லாதவன் அதைச் செய்வானா?

இந்த வசந்தத்தில் முதல் சுற்றிலேயே அவள் என்னை முந்தினாள். கொஞ்சம் முந்தியிருந்தால் பரவாயில்லை. நான் மேலே போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் அவள் உச்சியில் இறங்கி ஒரு சட்டைக்குப் பொத்தானே தைத்து முடித்திருப்பாள். வண்டிச் சோதகர் கிளைவ் ஓசான் என் தோளில் தட்டி, "ஹெட்லி, ஜெர்சிக்குப் போறப்ப மாவிஸுக்குப் பெட்டி தூக்க ஆள் வேணும்ல, நீ வா," என்றார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜெர்சி விஷயம் உங்களுக்குத் தெரியும். இலையுதிர் காலத்தில் அந்தத் தேரைகளை, அதுதான் நாம் அப்படிக் கூப்பிடும் பக்கத்துத் தீவு ஜெர்சிக்காரர்களை, எதிர்த்து அவர்கள் தீவுக்கே போகும் நம் அணியில், ஒரு வண்டிக்கு ஒருவர்தான். இருவர் ஓட்டும் வண்டியென்றால் பருவம் முழுக்க யார் மொத்தத்தில் வேகமோ அவருக்கு அந்த இடம். பதினோரு வருடமாக அந்த இடம் எனக்கு. அவர்கள் நம்மைக் கழுதைகள் என்று கூப்பிடும்போது எதிரில் நின்று பதில் சொல்ல அனுபவம் வேண்டும். மேலும் மாவிஸுக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது. அவள் குளியல்தொட்டியிலேயே தலைசுற்றி விழக்கூடியவள். யாராவது அவளைப் பற்றி யோசிக்க வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் புது விதியைக் கொண்டுவந்தீர்கள். விபத்து நடந்தால் வெளியே நிற்பவர் ஒரு வளையத்தை இழுத்தால் போதும், வண்டியில் மின்சாரம் மொத்தமும் அற்றுப்போக வேண்டும், இரண்டாம் சுற்றுக்குள் எல்லோரும் அந்தச் சுவிட்சைப் பொருத்த வேண்டும் என்று. நல்ல விதி. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளில் காலமெல்லாம் மின்வேலை பார்த்தவன் நான். பட்டறைக்கு ஏன் போகிறேன்? முன் கண்ணாடிக்குக் கீழே துளை போட்டு, வளையத்தை வெளியே கொண்டுவந்து, நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் போட்ட வில்லையை ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

முதல் சோதனையில் மானம் போயிற்று. கிளைவ் எஞ்சினை உறுமவைத்து வளையத்தை இழுத்தார். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியை மட்டும் துண்டித்திருந்தேன். ஓடுகிற எஞ்சின் ஆல்டர்னேட்டரிலிருந்து தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பது சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும், எனக்கு அன்றைக்கு மறந்துவிட்டது. "தலையை வெட்டிட்டே, உடம்பு நடந்து போகுது," என்றார் கிளைவ். இரண்டு ஜோடி முனைகள் உள்ள சுவிட்ச் வாங்கி, இக்னிஷன் கம்பியையும் அதன் வழியாகவே கொண்டுபோனேன். மறுபடி இழுத்தார். வண்டி பாதி மூச்சில் அடங்கியது. சுத்தமான வேலை என்று அவரே சொன்னார், கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது கவனித்தேன். வண்டியின் கடிகாரம் பன்னிரண்டுக்குப் போயிருந்தது. வானொலி தன் நிலையங்களை மறந்திருந்தது. எஞ்சினும் கொஞ்ச தூரம் இருமிக்கொண்டே வந்தது. அதற்குள் இருக்கும் சின்னக் கணினி, நின்ற இடத்தில் எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்பதைப் பல நாள் ஓடி ஓடிக் கற்று வைத்திருக்கும்; மின்சாரம் போனால் அந்தப் பாடமெல்லாம் அழிந்துவிடும். சில மைல் ஓடினால் திரும்பக் கற்றுக்கொள்ளும். நம் மேடோ ஒரு மைல்கூட இல்லை.

இரண்டாம் சுற்றில் நான் முதலில் ஓட்டினேன். இறங்கி வந்து, மாவிஸ் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்காகத் திண்டை வைத்தேன். வண்டிக்குள் கைவைக்கும்போது மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செய்வதுதான் பாதுகாப்பு. அணைத்தேன். வைத்தேன். திரும்பப் போட்டேன். புறப்படும் கோட்டில் வண்டி அவளிடம் இருமியது, ஒருமுறை நின்றும் போயிற்று. அன்றைக்கு நான் முந்தினேன்.

மூன்றாம் சுற்றிலும் பாதுகாப்பைக் கடைப்பிடித்தேன். நான்காம் சுற்றிலும். ஓட்டம் முடிந்து வரும் வழியில் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுவேன். அந்தச் சின்ன எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது.

மாவிஸ் வண்டியைக் குறை சொல்லவில்லை, அது அவளுடைய நல்ல குணம். அதே வண்டிதானே, எனக்கு ஒழுங்காக ஓடுகிறதே. ஆகவே தன்னைத்தான் குறை சொன்னாள். கிளட்சை விடும் கால் சரியில்லையோ என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. கண்ணாக இருக்கலாம் என்றேன். கண் மருத்துவரிடம் நானே அழைத்துப்போனேன், கண்ணாடிக்குச் சட்டமும் நானே தேர்ந்தெடுத்தேன், ஆமை ஓட்டு நிறத்தில், அவள் முகத்துக்கு மிகவும் எடுப்பாக இருந்தது. பிறகு இரத்த அழுத்த மாத்திரையை மாற்றிப் பார்த்தோம். தெருவில் ஓட்டவும் பயமாக இருக்கிறது என்று தன் தோழியைப் பார்க்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள். எங்கே போக வேண்டும் என்றாலும் நான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டு போவோம். உண்மையைச் சொன்னால், பல வருடங்களில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

ஒரு மாலை சமையலறைக்குள் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் வலது கையை நீட்டி, அசையாமல் வைத்து, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா எடித்துக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கையில் சின்ன நடுக்கம், கடைசியில் ஸ்பூன் பிடிக்க ஆள் வைக்க வேண்டியதாயிற்று. "நடுங்குதா, ஹெட்லி? உண்மையைச் சொல்லு," என்றாள். நன்றாகப் பார்த்தேன். கல்மாதிரி இருந்தது கை. "லேசா," என்றேன். பிறகு அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை கூட ஒரு கரண்டி போட்டு.

இந்த இடத்தில் யாரும் எழுதுவதை நிறுத்த வேண்டாம். இனிமேல்தான் என் புகாரே வருகிறது.

கடைசிச் சுற்றுக்கு வந்தபோது மொத்தக் கணக்கில் இருவரும் கிட்டத்தட்டச் சமம். காலையில் மாவிஸ் சொன்னாள், இதுதான் தன் கடைசி ஓட்டம், கை வெடவெடக்கிறது, தானே முதலில் போய் முடித்துவிடுகிறேன் என்று. நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டி வந்து நின்றதிலிருந்து அவள் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை. திண்டும் அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. பாதுகாப்பைக் கடைப்பிடிக்க எனக்கு வழியே கிடைக்கவில்லை.

அவள் போன போக்கை நீங்களே பார்த்தீர்கள். சாலையோரத்து வேலிச்செடிகள் அவள் போன பக்கமாக இன்னும் சாய்ந்துதான் நிற்கின்றன. இறங்கி வந்ததும் என்னைத் தேநீர்க் கடைக்குப் போய் வெண்ணெய் தடவிய கேக் ரொட்டி இரண்டு துண்டு வாங்கிவரச் சொன்னாள். வாங்கி வந்தபோது திண்டை எடுத்துவிட்டு, இருக்கையை என் காலுக்குத் தகுந்தபடி பின்னால் தள்ளி, கதவையும் திறந்து வைத்திருந்தாள். இவ்வளவு அக்கறை யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

கோட்டில் வண்டி இருமியது. பச்சை விளக்கு எரிந்ததும் நின்றது. மறுபடி கிளப்பிக்கொண்டு போனேன். இரண்டாம் வளைவில் நின்ற கொடிக்காரர் எனக்கு வணக்கம் சொல்லி, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்து, நான் சொன்ன பதிலையும் முழுக்கக் கேட்டுக்கொண்டார். உச்சியில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். சூரியன் கடலில் இறங்கப் பார்க்கிறது, கடிகாரம் பன்னிரண்டு தாண்டிக் கொஞ்சம் என்கிறது. அப்படித்தான் தெரியும், தலைவரே. பருவம் முழுக்க அதே கடிகாரத்தை அதே பன்னிரண்டிலிருந்து திருத்தியவன் நான்.

கீழே வந்து அவளிடம் சொன்னேன்: "மாவிஸ், கடிகாரம் பன்னெண்டு காட்டுது."

ரொட்டியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். "போன சுற்றுல எனக்கும் அதைத்தான் காட்டிச்சு. புதுக் கண்ணாடி போட்டிருந்தேன்ல, பளிச்சுன்னு தெரிஞ்சுது. கடிகாரம் எப்ப பன்னெண்டுக்குப் போகும்னு கிளைவைக் கேட்டேன். சொன்னாரு."

நான் தலைக்கவசத்தைக் கழற்றினேன்.

"எடித் மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சுக்கிட்டே ஒரு கோடை முழுக்க இருந்தேன், ஹெட்லி," என்றாள். கத்தவில்லை. பிறகு இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டு, சாவிக்குக் கையை நீட்டினாள். நான் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து மீன் வாங்கக்கூட அவள்தான் ஓட்டுகிறாள். இப்போதும் வெளியே வண்டியில்தான் இருக்கிறாள். எஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கிறாள், உங்களுக்கே கேட்கும்.

ஆக, நான் செய்ததை மறைக்கவில்லை. இரண்டாம் சுற்றிலும் மூன்றாவதிலும் நான்காவதிலும் அந்த வளையத்தை இழுத்தவன் நான்தான். அவள் கை கல்மாதிரி இருந்தது என்று தெரிந்தும் நடுங்குகிறது என்று சொன்னவனும் நான்தான். ஆனால் அது புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்தது, பாதுகாப்புக்காகவும் அவளுடைய நல்லதுக்காகவும் நடந்தது. அவள் செய்தது வேறு. சகபோட்டியாளர் ஒருவரின் வண்டியில், அவர் இல்லாத நேரத்தில், வெற்றிக்காகக் கைவைத்திருக்கிறாள். விதிப்புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை. அவளுடைய ஓட்டத்தை ரத்துசெய்து ஜெர்சி இடத்தை எனக்குத் தரும்படி கேட்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை. அந்தத் தேரைகளுக்கு முன்னால் போய் நிற்கிற அணியில் நேர்மையானவன் என்று சொல்ல ஒருவனாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.