மூட்டையன் விழுந்த பள்ளம்

யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள். விளக்கு இருக்கட்டும். அணைத்தால் முதலில் ஓடுவது நானாகத்தான் இருக்கும். இது என்னோடு வேலை பார்க்கிறவனின் அக்காவுக்கு நடந்தது. அவன் என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அவன். லீவு கேட்கும்போது வயிற்றுவலி என்றுகூடச் சொல்ல வராது.

பகல் இரண்டு மணி. ஆமாம், பகல்தான். பேய்க்கு ராத்திரி ஷிஃப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது?

இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர். நடுவில் நீளமாக ஒரு தார்ச்சாலை. ஆள் இல்லை. வண்டி இல்லை. ஒரு நாய்கூட இல்லை. வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. பச்... பச்... பச். அக்கா வேலைக்குத் திரும்பிப் போகிறாள். புருஷன் செத்து மூன்று வாரம். பாதி வழியில் மூக்கில் ஏறியது ஒரு வாசனை. கிரீஸும் எலுமிச்சை சோப்பும் கலந்தது. அத்தான் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவர் கையில் மிச்சமிருக்குமே, அதே வாசனை. அக்கா திரும்பிப் பார்த்தாள். சாலை காலியாகக் கிடந்தது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் குழிக்குள் எட்டிக் கம்பிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவர், கால் வழுக்கிப் போய்விட்டார். அன்று டாக்டர் அக்காவிடம் சொன்னது ஒன்றுதான். "ரெண்டே நொடிம்மா. விழுந்ததே அவருக்குத் தெரிஞ்சிருக்காது." அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெண் மூன்று வாரம் உயிரோடு இருந்தாள்.

அக்காவுக்கு வீடியோ கேம் சோதிக்கும் வேலை. விளையாடுவதற்குச் சம்பளமா என்று தம்பியே கிண்டல் பண்ணுவான். போய்ப் பார்த்தால் அல்லவா லட்சணம் தெரியும்! இருக்கிற எல்லாச் சுவரிலும் முட்ட வேண்டும். எல்லாப் பள்ளத்திலும் விழ வேண்டும், ஒவ்வொன்றிலும் இருபது தடவை. எங்கே கோளாறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்போது அக்காவின் கம்பெனி செய்துகொண்டிருந்தது மூட்டையன் ஆட்டம். முன்பெல்லாம் காசு போட்டு நின்றுகொண்டே ஆடுகிற பெட்டி இருக்குமே, அதில் வந்தவன். கால் முளைத்த ஒரு மூட்டை. பள்ளம் தாண்டுவான், அதைத் தவிர ஒன்றும் தெரியாது. அவனுக்குக் கண், வாய், சிவப்புக் கையுறை எல்லாம் வைத்து, ஓடிக் குதித்து மலையேறுகிற பெரிய ஆட்டமாக வீட்டு டிவிக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சரியான சத்தம் தயாராகிற வரைக்கும் இப்போதைக்கு இது என்று கைக்கு வந்த எதையாவது போட்டு வைப்பார்கள். பிறகு மறந்தும் போவார்கள். மூட்டையனுக்குக் குரல் வேண்டியிருந்தபோது அக்கா வீட்டுச் சமையலறையில் அத்தானை நிறுத்தி போனில் பதிந்துகொண்டு போனாள். நாலே நாலு சத்தம். குதித்தால் "ஹேய்!" காசு எடுத்தால் "ஆஹா!" ஜெயித்தால் "முடிச்சாச்சு!" பள்ளத்தில் விழுந்தால் "போச்சுடா!" புரோகிராமர் அதைக் கொஞ்சம் கீச்சுக் குரலாக்கிப் போட்டான். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது.

மூன்று வாரம் கழித்து வந்த அக்காவிடம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாற்றவும் இல்லை. மறந்துவிட்டார்கள் பாவிகள்.

ஹெட்போனை மாட்டினாள். "ஹேய்!" என்றது. கை ஹெட்போனுக்குப் போனது. ஆனாலும் கழற்ற மனசு வரவில்லை. நீங்களாக இருந்தால் கழற்றியிருப்பீர்களா?

ஏழாவது கட்டத்தில், மலைக்குக் கீழே ஒரு பள்ளம். புதிதாகப் போட்டது. வேலை என்றால் வேலைதானே. தள்ளிவிட்டாள்.

"போச்சுடா!"

வழக்கமாக ஒன்றரை நொடியில் தொம் என்று விழுவான். ஓர் உயிர் குறையும். விழுந்த பள்ளத்தின் ஓரத்திலேயே மறுபடி நிற்பான். இந்தத் தடவை தொம் வரவில்லை. திரை இருட்டு. நடுவில் மூட்டையன் கையுறை இரண்டையும் விரித்தபடி விழுந்துகொண்டே இருக்கிறான். ஓரத்தில் ஆழம் காட்டும் எண் ஏறுகிறது. ஆயிரம். இரண்டாயிரம். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை. காதில் காற்றுச் சத்தம் மட்டும். ஊ...

அப்புறம் குரல். கீச்சுக் குரல் இல்லை. அத்தானுடைய சொந்தக் குரல். ரொம்ப மெதுவாக.

"கண்ணு... இன்னும் தரை வரலியே."

அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டுக்குள் மட்டும்.

அவள் கத்தவில்லை. கத்தினால் அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று பயம். "இதோ, இதோ" என்று எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்கினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்துவிட்டது. எண் ஏறிக்கொண்டே போனது. நாலு மணிக்கு ஒரு தடவை சொன்னார், தரை வரவில்லை என்று. ஐந்து மணிக்கு ஒரு தடவை. இரண்டே நொடி என்று சொன்ன டாக்டரை நினைத்துக்கொண்டாள். மூன்று வாரமாக விழுந்துகொண்டா இருக்கிறார்?

ஆறு மணிக்குப் புரோகிராமரைக் கூப்பிட்டாள். அவன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"சாரிக்கா. இந்தப் பள்ளத்துக்கு அடித்தரை போட மறந்துட்டேன். அதான் சாகாம விழுந்துகிட்டே இருக்கான்."

அக்கா ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தான். கழற்றினான். காதைத் துடைத்தான்.

"இது எங்கேருந்து வருது? நாம போட்டது நாலுதானே?"

"அடி போட முடியுமா தம்பி?"

"அக்கா, இதை..."

"அடி போடுப்பா. விழுந்து முடியட்டும். அவரை இப்படியே விட முடியாது."

அவன் போட்டான். ஒரே ஒரு வரிதான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் கோளாறைச் சரி செய்தால் அதைச் சோதித்துச் சரி என்று எழுத வேண்டியது யார்? அக்காதான். "நான் பாக்கறேங்க்கா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று அவன் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. வேறு யார் கையாலும் வேண்டாம் என்றாள்.

மூட்டையனை நடத்திக்கொண்டு போனாள். ஓரத்தில் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

"போச்சுடா!"

ஒன்று... ஒன்றரை...

தொம்.

அவ்வளவுதான். காற்றுச் சத்தம் நின்றது. அக்கா மேஜையில் தலை வைத்து அழுதாள். மூன்று வாரமாக வராத அழுகை. முடிந்துவிட்டது, அவர் வலி முடிந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

காதில் ஹெட்போன் இருந்தது. நிமிர்ந்தாள்.

மூட்டையன் பள்ளத்தின் ஓரத்தில் நின்றான். எப்போதும் வலது பக்கம் பார்த்து நிற்பவன். இப்போது நேராக அவளைப் பார்த்து நின்றான். கையுறை இரண்டும் நெஞ்சோடு சேர்ந்திருந்தன.

"கண்ணு... மறுபடியுமா?"

அக்கா அன்றைக்கே மேலாளரிடம் போய் நின்றாள். அந்தக் குரலை எடுக்கச் சொன்னாள், பள்ளத்தை எடுக்கச் சொன்னாள், காலில் விழவும் தயாராக இருந்தாள். அவரும் கல்மனசுக்காரர் இல்லை. நாலு சத்தத்தையும் எடுத்துவிட்டு வேறொருவரைப் பேச வைத்தார். பள்ளத்தைத் தாண்டினால்தான் மலையேற முடியும், அதை எடுத்தால் ஆட்டமே கெட்டுவிடும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார். ஐந்தாவது குரலை எடுக்கப் புரோகிராமர் நாலு நாள் தேடினான். யாரும் வைக்காததை எங்கே போய் எடுப்பது? ஐந்தாம் நாள் அவன் வேலையை விட்டுவிட்டான்.

குறித்த தேதியில் ஆட்டம் கடைக்கு வந்துவிட்டது. நல்ல விற்பனை. வாங்கினவர்கள் யாருக்கும் எதுவும் கேட்டதில்லை. ஏழாவது கட்டத்துப் பள்ளம் ரொம்பக் கஷ்டம், இருபது முப்பது தடவையாவது விழாமல் தாண்ட முடியாது என்று சந்தோஷமாகச் சலித்துக்கொள்கிறார்களாம்.

அக்காவும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். அவள் வீட்டு டிவியில் மூட்டையன் பள்ளத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு மரத்தடியில் நிற்கிறான். அவள் அதை அணைப்பதில்லை. குதிக்க வைப்பதும் இல்லை. தன் வீட்டிலாவது அவர் நிம்மதியாக நிற்கட்டும் என்று. என் நண்பன் போன வாரம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "போதும்க்கா, அணைச்சிடு" என்றான். அவள் ரிமோட்டை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் டிவியிலிருந்து மூட்டையன் பேசினானாம்.

"கண்ணு..."

அந்த ஒரு சொல்தான். அதற்கு மேல் வரவில்லை. ஊர் முழுக்க எத்தனையோ வீட்டில் விழுந்து விழுந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரலில் வெறும் காற்றுதான் வந்தது.