நான்காம் மாடியில் ஒரு முழங்கால்

குடியிருப்போர் நலச் சங்கத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க விசாரணைக் குழுவுக்கும், அதன் தலைவருக்கும், தலைவர் அமர்ந்திருக்கும் கைப்பிடி வைத்த ஒரே நாற்காலிக்கும் வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்: நம்முடைய லிஃப்ட் மிகவும் நல்ல லிஃப்ட்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாவம், அதன் தலையில் நிறையப் பழி விழுந்துவிட்டது.

மழைக்காலம் முழுக்க அது ஏன் ஓடவில்லை என்று கேட்கிறீர்கள். கார் நிறுத்துமிடத்தில் மேசை போட்டு, மேசை மேல் துணி விரித்து, துணி மேல் தண்ணீர் பாட்டில் வைத்துக் கேட்கிறீர்கள். என்னிடம் யாரும் எதையும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. ஆகவே முழுதாகவே சொல்கிறேன். நீங்கள் கேட்டது லிஃப்டைப் பற்றி. பதிலோ என் மனைவியின் முழங்காலைப் பற்றி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் லிஃப்ட் கம்பெனியின் மெக்கானிக், இந்த லிஃப்டும் என் பொறுப்பு. மனிதர்கள் காலை அசைக்காமல் மேலே போக வேண்டும் என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். என் மனைவி வாரத்தில் ஐந்து நாள் கண்ணாடிக் கடையில் பிறர் மூக்கில் பிரேம் மாட்டிப் பார்ப்பாள். மிச்சமுள்ள நாட்களில் பாறை ஏறுவாள். இந்தப் பொருத்தத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. "அக்கா, மாமாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா பாறைக்கே லிஃப்ட் போட்டுத் தந்துடுவாரே, எதுக்கு இப்படி நகத்தைத் தேய்ச்சுக்கிறே" என்பாள் அவள் தங்கை. நானும் சிரிப்பேன். சனிக்கிழமை விடியும்போது அவள் கயிற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை இருட்டும்போது முட்டியில் சிராய்ப்பும் முகத்தில் வெளிச்சமுமாக வந்து நிற்பாள். நடுவில் இருக்கிற நேரத்தில் நான் என்ன செய்வேன் என்று இதுவரை யாரும் விசாரணைக் குழு அமைக்கவில்லை.

போன கோடையின் முடிவில் விழுந்தாள். பெரிய உயரம் இல்லையாம். கயிறு பிடித்துக்கொண்டது, ஆனால் அதற்குள் இடது கால் பாறை விளிம்பில் மோதிவிட்டது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு, கைதவறி விழுந்த பீங்கான் தட்டு மாதிரி ஆகியிருந்தது. எலும்பு டாக்டர் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டுப் பூட்டினார். எக்ஸ்ரே படத்தை எனக்குக் காட்டினார். என் தொழிலும் போல்ட் முடுக்குவதுதான் என்பதால் சொல்கிறேன், சுத்தமான வேலை. 

"என் வேலை முடிஞ்சுது" என்றார். "இனிமே மடக்கணும். தினமும் மடக்கணும். விட்டுட்டா உள்ள ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் நீங்க எந்தக் கொம்பன்கிட்ட போனாலும் பிரயோஜனம் இல்லை."

"மடக்கினா மறுபடி ஏறலாமா டாக்டர்?" என்று கேட்டாள் அவள். உடம்பில் இன்னும் மருந்துக் குழாய் செருகியிருந்தது.

"மொதல்ல பாத்ரூமுக்கு நடங்கம்மா."

"அது சரி. ஏறலாமா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மடங்கினா, தாராளமா."

மருத்துவமனையின் பயிற்சிக்கூடத்துக்கு வாரத்தில் மூன்று நாள் கூட்டிப்போனேன். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்டுக்கு அவள் கசாப்புக்காரர் என்று பெயர் வைத்தாள். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அவள் குப்புறப் படுத்திருக்க, அவர் கணுக்காலைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே தள்ளுவார். அவள் கட்டில் விளிம்பைக் கடிப்பாள். "கத்துங்கக்கா, கத்துறதுக்கு இங்க தடை இல்லை. கால் மட்டும் மடங்கணும்" என்பார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு முழங்கால் நன்றாக மடங்கியிருந்தது.

ஒருநாள் அவள் பயிற்சிக்கூடத்தில் இருந்த நகராத சைக்கிளில் மிதியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டாள். அதுவரை பாதிச் சுற்றில் நின்று திரும்பிக்கொண்டிருந்த கால். நமது லிஃப்டில் மேலே வரும்போது இரண்டாம் மாடித் தையல்காரம்மா ஏறினார். "முழுச் சுத்துங்க! தெரியுமா, முழுசா ஒரு சுத்து!" என்று அவரைப் பிடித்து உலுக்கினாள். ஒரு ஊன்றுகோல் கீழே விழுந்தது. தையல்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார்.

அன்று சாயங்காலம் அலமாரி மேல் இருந்த பையை எடுக்கச் சொன்னாள். ஏறும்போது போடும் ஷூவை நல்ல காலில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சும்மாதானாம்.

"அடுத்த கோடைக்கு அதே பாறைக்குத்தாங்க போகப்போறேன். அதுகிட்ட எனக்கு ஒரு பேச்சு பாக்கியிருக்கு."

"போ" என்றேன். நான் எப்போதும் போ என்றுதான் சொல்வேன்.

மறுநாள் லிஃப்டுக்கு வழக்கமான பராமரிப்பு. மொட்டைமாடி மெஷின் ரூமில் ஒரு மணி நேர வேலை. செய்து முடித்தேன். சாவியைத் திருப்பினால் லிஃப்ட் ஓடும். திருப்பவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கீழே வந்து "பழுது" பலகையை மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டீ போட்டேன். இரண்டு பேருக்கும்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். சங்கத்திடம், லிஃப்டை இயக்கும் கண்ட்ரோல் கார்டு எரிந்துவிட்டது, கம்பெனி அனுப்ப வேண்டும் என்றேன். கம்பெனியிடம், சங்கம் பெயின்ட் அடிக்கப்போகிறது, அதுவரை நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள் என்றேன். நடுவில் நிற்கிறவனுக்கு இந்த வசதி உண்டு. இரண்டு பக்கமும் அவனைத்தான் நம்பும். தலைவர் அப்போது இதே இடத்தில் கூட்டம் போட்டு, "செங்குத்துப் போக்குவரத்தில் ஏற்பட்டுள்ள இந்தத் தற்காலிகச் சவாலை ஆரோக்கியத்துக்கான வாய்ப்பாக மாற்றுவோம்" என்று பேசினார். நல்ல பேச்சு. தலைவர் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது.

அவளோடு கயிற்றில் கூட்டாக ஏறும் பையன் ஒருவன் உண்டு. பையன் என்றால் முப்பது வயது, ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி, பெயரும் அதுதான். லிஃப்ட் நின்றதால் அவள் நான்காம் மாடியிலேயே மாட்டிக்கொண்டாள், பயிற்சிக்கும் போக முடியவில்லை என்று கேள்விப்பட்டு நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"அக்கா, கவலையே வேணாம். பால்கனிக் கம்பியில கயிறு கட்டி உங்களைப் பூ மாதிரி இறக்கிடறோம். கீழ ஆட்டோ. பயிற்சி முடிஞ்சதும் திரும்ப இழுத்துக்கறோம்."

"காய்கறிக் கூடை மாதிரியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை.

"கூடையாவது சும்மா இருக்கும். நீங்க கீழ போறதுக்குள்ள நாலு குறை சொல்லுவீங்க."

நானும் சிரித்தேன். பிறகு குப்பை கொட்டப் போகிற சாக்கில் கீழே போய்த் தலைவரிடம், கட்டட முகப்பில் கயிறு கட்டுகிறார்கள், ஏதாவது ஆனால் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொன்னேன். தலைவருக்குச் சட்டையைக்கூடச் சரியாகப் போட நேரமில்லை. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, முகப்பு என்பது பொதுச்சொத்து என்று தொடங்கினார். ஒட்டடைக்குச்சி, அப்படியானால் படிவழியே தூக்கிப்போகிறோம் என்றான். வளைவில் ஒருத்தன் கால் வழுக்கினால் தகடு பிடுங்கிக்கொள்ளும் என்றேன் நான். "மாமா சொல்றதும் சரிதான்" என்று அவனே ஒப்புக்கொண்டான். "நாளைக்குக் கார்டு வந்துடும்டா" என்று அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். நாளைக்கு என்ற சொல்லை அந்த மழைக்காலத்தில் நான் நிறையப் பயன்படுத்தினேன்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளைக் கேட்டுவர என்னைக் கசாப்புக்காரரிடம் அனுப்பினாள். அவர் ஒரு துண்டைத் தன் காலில் மாட்டி இழுத்துக் காட்டினார். "வலிக்கும். வலிக்கட்டும். வலிக்குதுன்னு நிறுத்தினா எல்லாம் போச்சு, நீங்க பக்கத்துல இருந்து இழுக்க வைங்க" என்றார். வீட்டுக்கு வந்து அதே போலத் துண்டை மாட்டிக் காட்டினேன். "வலிச்சா உடனே நிறுத்திடணுமாம். மீறினா எலும்பு விலகிடுமாம்" என்றேன்.

"அவரா அப்படிச் சொன்னாரு?"

"வீட்டுல பண்றப்ப அப்படித்தானாம்."

யார் பேச்சையும் கேட்காதவள் அதைக் கேட்டாள். ஏன் என்று உங்களுக்கு விளங்காது, சொல்கிறேன். பாறை ஏறுகிறவர்கள் ஒரே ஒரு ஆளுக்குக் கீழ்ப்படிவார்கள். கீழே நின்று கயிறு பிடிக்கிற ஆளுக்கு. அவர் நில் என்றால் நிற்பார்கள், இறங்கு என்றால் இறங்குவார்கள். மேலே தொங்கிக்கொண்டு ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது தங்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் பாடம். அவள் துண்டை இழுப்பாள். முகம் சுருங்கும். "வலிக்குதா? அப்ப போதும்" என்பேன். துண்டைத் தளர்த்திவிடுவாள்.

அவை நல்ல நாட்கள். இதையும் சொல்ல வேண்டும், முழுதாகச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன் அல்லவா. அவள் தலைமுடிக்கு நான்தான் எண்ணெய் தேய்த்தேன். மழை பெய்வதை ஜன்னலோரம் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதே, "வந்துட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்கும். எத்தனையோ சனிக்கிழமைகள் வெறும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலைக் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதனிடம் ஒரு குரல் வந்துட்டீங்களா என்று கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விசாரணைக் குழுவில் உள்ள திருமணமானவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம்.

எனக்குப் பாராட்டும் கிடைத்தது. மேல்மாடிக்காரர்களின் சிலிண்டர்களையும் தண்ணீர்க் கேன்களையும் தோளில் சுமந்து ஏற்றினேன். "உங்களை மாதிரி மனுஷன் கிடைக்க உங்க வீட்டம்மா குடுத்து வச்சிருக்கணும்" என்றார் தையல்காரம்மா. நான் மறுக்கவில்லை.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். கம்பெனி என் இடத்துக்கு ஒரு இளம் மெக்கானிக்கை அனுப்பியது. அவன் மாற்றுச் சாவியோடு மொட்டைமாடிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றான். அவள் ஊன்றுகோலோடு போய்க் கதவைத் திறந்தாள்.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்லுங்க, லிஃப்ட் ஓடுது" என்றான், முகமெல்லாம் பல்லாக.

"கார்டு கொண்டுவந்தியாப்பா?" என்று அவள் கேட்டாள்.

"கார்டா? பழைய கார்டு ஜம்முனு இருக்குக்கா. சாவியைத் திருப்பினேன், அவ்ளோதான். யாரோ ஆஃப் பண்ணிட்டு மறந்துட்டாங்க போல."

"டீ குடிக்கிறியாப்பா?" என்றாள். அவன் வேண்டாம் என்று போய்விட்டான். கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் பக்கம் வந்து நின்றாள். நான் போர்வைக்குள் இருந்தேன்.

"கசாப்புக்காரர் நிஜமா என்ன சொன்னாரு?"

சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை எடுத்துப் பாதத்தில் மாட்டி இழுக்க ஆரம்பித்தாள். வலித்தது, நிறுத்தவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் அசையவில்லை.

மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து மடக்கிப் பார்த்தார்கள். இதற்கு மேல் அழுத்தினால் எலும்பு மறுபடி உடையும் என்று பாதியில் விட்டுவிட்டார்கள். நடக்கலாம். நாற்காலியில் உட்காரும்போது கால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் என்னிடம், "விதிதான், என்ன செய்யறது" என்றார். சைக்கிள் மிதி இனி முழுச் சுற்று வராது. பாறையைப் பற்றி அவள் அவரிடம் கேட்கவே இல்லை.

இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள். யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் நீங்கள் லிஃப்டைப் பற்றி மட்டும் விசாரிக்கிறீர்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "மறுபடி விழுந்துடுவாங்களோங்கற பயம்தானே சார்? பாசத்துல பண்ணதுதானே?" என்கிறார். நன்றி தலைவரே. அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது நானும் இதையேதான் சொன்னேன். கண்ணை மூடினால் உன் கை வழுக்குவது தெரிகிறது, நீ கீழே வருவது தெரிகிறது, என்னால் தாங்க முடியவில்லை என்றேன். அவள் பையை மூடிக்கொண்டே, "ஏறுறப்போ நான் எப்படி இருப்பேன், சொல்லுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏறுவதை நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.