இழுத்தாத்தான் ஏறும்

தூக்காதீங்க தம்பி, தூக்காதீங்க. தூக்கணும்னு நெனச்சீங்கன்னா சத்தியமா ஏறாது. பாருங்க, தோள்பட்டை போய் காதோட ஒட்டிக்குது, கை அப்படியே தொங்குது. நானும் மொத நாள் இப்படித்தான் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு நின்னேன். என்ன, அழலையா? சரி சரி, கண்ணுல தூசி. கையைத் தாங்குற பட்டியை அவுத்த மொத நாள் இந்த ரூம்ல எல்லாருக்கும் தூசி விழும்.

உக்காருங்க. நமக்குப் பயிற்சி குடுக்கிற பொண்ணு வர நேரமாகும். பக்கத்து ரூம்ல முழங்கால் ஆபரேஷன் பண்ணவரு கத்துறாரே, கேக்குதா? அவரை முடிச்சுட்டுத்தான் வருவா.

உங்களுக்கும் தோள் ஜவ்வு தைக்க முடியாத அளவுக்குக் கிழிஞ்சு, முதுகுச் சதையைக் கொண்டாந்து கோத்திருக்காங்க, அதானே? எனக்கும் அதேதான். டாக்டர் பிளாஸ்டிக் எலும்பை வச்சுக் காட்டலையா? எங்கிட்ட காட்டினாரு. ஒரு சின்ன கிண்ணம், அதுல ஒரு குண்டு. மேல இருக்கிற பெரிய சதை கையைத் தூக்கப் பாக்குது. ஆனா குண்டை அதோட இடத்துல புடிச்சு வைக்க ஜவ்வு இல்ல. குண்டு மேல போய் எலும்புல முட்டிக்குது, கை அங்கயே நின்னுடுது. இப்போ முதுகுலேர்ந்து வந்த சதை குண்டைக் கீழ இழுத்துப் புடிக்கும். அப்பத்தான் கை மேல போகும். கீழ இழுத்தாத்தான் மேல ஏறும். எனக்கும் கிறுக்குத்தனமாத்தான் இருந்துச்சு, சிரிக்காதீங்க.

அந்தச் சதைக்கு என்ன தெரியும் பாவம்? அதுக்கு இழுக்கத்தான் தெரியும். இடத்தை மாத்திட்டா புத்தி மாறிடுமா? தூக்குன்னு சொன்னா அதுக்கு விளங்காது. இழுன்னு சொல்லணும். அதான் அந்தப் பொண்ணு எங்கிட்ட கேட்டா, ஏம்மா, இத்தனை வருஷமா இந்தக் கையால எதை இழுத்தீங்கன்னு.

நான் என்னத்த இழுத்தேன்? எங்க வீட்டுக்காரரைத்தான்.

நல்ல ஓங்குதாங்கான ஆளு. பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. பேச்சு போச்சு, முழுங்கவும் வராது. கண்ணு மட்டும் பேசும், அதுலயும் திட்டுதான் அதிகம். மூக்குல குழாய். பெரிய சிரிஞ்சை அதுல சொருகி, தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, அரைச்ச சாப்பாட்டை ஊத்தினா தானா மெதுவா எறங்கும். கை தாழ்ந்தா நின்னுடும். அதுக்கு முன்னாடி ஆளை நிமித்தணும். கட்டிலோட தலைமாட்டை ஏத்தி வச்சாலும் வழுக்கி வழுக்கிக் கீழ வந்துடுவாரு. நான் தலைமாட்டுல நின்னு, அடியில விரிச்ச துணியோட சேத்துப் புடிச்சு, ஹூம்னு ஒரு இழுப்பு. தலையணைக்கு வந்துடுவாரு. வேளா வேளைக்கு இதான். அதுலதான் ஜவ்வு கிழிஞ்சுச்சு.

இன்னொரு கையால ஊத்தக் கூடாதான்னு கேக்கறீங்களா? சிரிஞ்சு ஒரு கையில, கிண்ணம் ஒரு கையில, தம்பி. எனக்கு என்ன மூணு கையா இருக்கு?

டாக்டர் சொன்னாரு, கை மேல போக வழி பண்றேன், ஆனா இனிமே கனத்தை இழுக்கக் கூடாது, இழுக்கிற சதையைத்தான் எடுக்கறேன்னு. நான் யோசிச்சேன். இழுக்கறதுக்குப் பையன் இருக்கான், பக்கத்து வீட்டுக்காரர் இருக்காரு. ஊத்தத்தான் நான் வேணும். அவர் வயிறு காயக் கூடாது, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சரின்னுட்டேன்.

அப்புறம் உங்களைப் போலத்தான், ஒன்றரை மாசம் பட்டி கட்டிக் கையை நீட்டிக்கிட்டு, டிராஃபிக் போலீஸ் மாதிரி. நான் திரும்பினா வீட்டுல ஏதாவது ஒண்ணு உடையும். அவரைப் பாத்துக்க என் நாத்தனார் வந்தா. அவருக்கு ஒரே தங்கச்சி, அண்ணன்னா உசுரு. குழாய் விஷயமெல்லாம் சட்டுனு கத்துக்கிட்டா. என்னைவிடப் பொறுமையா ஊத்துவா, இல்லைன்னு சொல்லக் கூடாது.

அது கெடக்கட்டும், நீங்க எதை இழுத்தீங்க? என்னது, கடை ஷட்டரா? அடடா, உங்களுக்கென்ன, ராஜா! கண்ணை மூடுங்க. கடை சாத்துற நேரம். கைப்புடியைப் புடிச்சுக் கீழ இழுங்க, இழுங்க. சதை இழுத்தா சத்தம் போடும்னு அந்தப் பொண்ணு முதுகுல ஒட்டிட்டுப் போன மெஷின் கீச்சுங்குதா? அதான்! கையைப் பாருங்க! கொஞ்சூண்டுதான், அதனால என்ன? எனக்கு மொத நாள் இதுவும் இல்ல.

நானா? இதோ, கண்ணை மூடிக்கிட்டேன். அவர் வழுக்கிட்டாரு. துணியைப் புடிக்கறேன். ஹூம். பாத்தீங்களா, தலைக்கு மேல வந்துடுச்சு. இன்னும் போகும் போகும்னு அந்தப் பொண்ணு கத்துவா. நான் இதோட நிறுத்திடுவேன். சிரிஞ்சு புடிக்கிற உயரம் இதான்.

இல்ல தம்பி, இப்போ நான் ஊத்தறதில்ல. அவர் போயிட்டாரு. எனக்குப் பட்டி அவுக்கறதுக்கு முன்னாடியே.

தையல் பிரிக்க நான் இங்க வந்தேன், பையன் கூட்டிட்டு வந்தான். வீட்டுல நாத்தனார் ஒருத்திதான். நேரம் தவறாம ஊத்தியிருக்கா. தலைமாடு ஏத்தித்தானே இருக்கு, அண்ணன் நிமிந்துதான் இருக்காருன்னு அவ நெனப்பு. ஆளு வழுக்கிக் கட்டில் நடுவுல மல்லாக்கக் கெடந்திருக்காரு. ஊத்தினது மேல ஏறி நுரையீரலுக்குப் போயிடுச்சு. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. வீட்டுல நான் சளி கட்டிடுச்சுன்னு சொல்லிட்டேன். தூக்கிப் புடிக்க ஆள் இருந்துச்சு தம்பி, இழுத்துப் போடத்தான் ஆள் இல்ல. நான் எதை வேண்டாம்னு குடுத்தேனோ அதுதான் அன்னைக்கு வேண்டியிருந்துச்சு.

இப்போ மேல் அலமாரியிலேர்ந்து ஒரு டப்பாவை எடுக்கணும்னாலும் அவரை ஒரு தடவை இழுத்தாகணும். நானும் இழுக்கறேன். கைதான் வருது.

சரி, எந்திரிங்க, அந்தப் பொண்ணு வந்துட்டா. ஷட்டரை மறந்துடாதீங்க. அப்புறம் தம்பி, வெளிய பெஞ்சுல என் பையை மடியில வச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கா பாருங்க, அவதான் என் நாத்தனார். அண்ணிக்குக் கை சரியாகணும்னு ஒவ்வொரு தடவையும் கூடவே வர்றா. போகும்போது உங்ககிட்டப் பேச்சுக் குடுப்பா. அவளுக்கு அது சளின்னே இருக்கட்டும், என்ன?